கெக்கா, ரியாக்டோமா: மரபணுப் பாதையை எங்கே தேடுவது?

ஒரு வேலைக்காகச் சேர்ந்து இயங்கும் மரபணுக்களின் தொடரைத்தான் பாதை என்கிறார்கள். கெக் (KEGG), ரியாக்டோம் (Reactome) இரண்டும் அத்தகைய பாதைகளின் தரவுத்தளங்கள். ஒரு மரபணுப் பட்டியலைக் கொடுத்தால், அதில் எந்தப் பாதை அதிகம் தென்படுகிறது என்று அவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரே மரபணுப் பட்டியலை இரண்டு இடங்களில் கொடுத்தேன். இரண்டுமே கெக் தரவுத்தளத்தை வைத்துத்தான் பதில் சொல்கின்றன. கணினியில் நிறுவியிருந்த மென்பொருள் ‘ரைபோசோம்’ (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) என்றது. கெக் இணையதளமோ அதோடு ‘கொரோனா வைரஸ் நோய்’ என்றும் சேர்த்துச் சொன்னது. எந்த வைரசும் தொடாத செல்கள் அவை. மாதிரியில் ஏதோ கலந்துவிட்டது என்று பயந்து அரை நாளை வீணாக்கினேன்.

பிறகுதான் கெக்கில் அந்த நோய்க்கான பாதை வரைபடத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியது. எண் எச்எஸ்ஏ05171. கொரோனா வைரசின் என்எஸ்பி1 என்ற புரதம் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு செல்லின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அதனால் நோயின் படத்திலும் ரைபோசோமுக்கு ஓர் இடம் உண்டு. படத்தில் அது சின்ன இடம்தான். ஆனால் அதற்குள் ரைபோசோம் புரத மரபணுக்கள் கூட்டமாக அடங்கியிருக்கின்றன. பட்டியலில் அவை தென்பட்டால் போதும், நோயின் பெயர் மேலே வந்துவிடும்.

சரி, கணினியில் இருந்த மென்பொருள் ஏன் அதைச் சொல்லவில்லை? அதற்குள் இருந்த கெக் 2011ஆம் ஆண்டுப் பிரதி. கோவிட்-19ஐ உண்டாக்கும் வைரசையே அப்போது யாருக்கும் தெரியாது.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்தப் பிரதி விவகாரம்தான். கெக், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கியது. 2011 ஜூலையிலிருந்து அதன் தரவை மொத்தமாகப் பதிவிறக்கச் சந்தா கட்ட வேண்டும். இணையதளத்தில் பார்ப்பதற்குத் தடையில்லை. கல்வி சார்ந்த பயன்பாட்டுக்கு நிரல் வழியாகவும் எடுக்கலாம். ஆனால் இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் புதிய தரவைப் பொதிந்து கொடுப்பது சிக்கலாகிவிட்டது. பலர் கையில் இருந்த பழைய பிரதியையே வைத்துக்கொண்டார்கள். கெக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படங்களை ஆள் வைத்து வரைந்து பராமரிக்கப் பணம் வேண்டும். ஆனாலும் ‘கெக்கில் தேடினேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டின் கெக் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ரியாக்டோமில் இந்தத் தொல்லை இல்லை. தரவு சிசி0 உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், பொதியலாம், மாற்றலாம். ஆண்டுக்கு நான்கு முறை அளவில் புதிய வெளியீடு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அந்த எண்ணை ஆய்வுக் குறிப்பில் எழுதி வைத்தால், எந்தத் தரவை வைத்து முடிவுக்கு வந்தேன் என்பது பின்னால் வருகிறவருக்கு விளங்கிவிடும்.

அதே பட்டியலை ரியாக்டோமில் இட்டபோது நல்ல பதில் வந்ததா என்றால், அதுவும் இல்லை. ‘பெப்டைட் சங்கிலி நீட்சி’, ‘வைரஸ் எம்ஆர்என்ஏ மொழிபெயர்ப்பு’, ‘செலினோசிஸ்டீன் தொகுப்பு’ என்று வரிசையாக வந்து நின்றன. பெயர்தான் வேறு, உள்ளே பெரும்பாலும் அதே ரைபோசோம் மரபணுக்கள். பாதைகள் இங்கே மரம்போலக் கிளைவிடுகின்றன; தாய்க்கிளை, சேய்க்கிளை இரண்டும் தனித்தனி முடிவாகக் கணக்கில் ஏறும். முதல் பத்து வரியை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் இரண்டு தளத்திலும் ஏமாறுவார்கள்.

வித்தியாசம் அடுத்த கிளிக்கில் தெரிகிறது. ரியாக்டோமில் ஒவ்வொரு வினைக்கும் விளக்கமும் ஆதாரக் கட்டுரையும் இருக்கின்றன. எலியில் செய்த சோதனையை வைத்து மனிதனுக்கும் பொருந்தும் என்று ஊகித்திருந்தால் அதையும் சொல்லிவிடுகிறது. கெக்கில் ஆதாரங்கள் முழுப் படத்துக்கும் சேர்த்துத் தரப்படுகின்றன. எந்த அம்புக்குறி எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதை நாமேதான் தேட வேண்டும். குளுக்கோஸ் சிதைவையே பாருங்கள். கெக் படத்தில் ஹெக்சோகைனேஸ் நொதியின் மரபணுக்களான எச்கே1, எச்கே2, எச்கே3 மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். ரியாக்டோமிலோ, அதே வேலையைச் செய்யும் கல்லீரல் நொதியான குளுக்கோகைனேஸை ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் உட்கருவுக்குள் பிடித்து வைப்பதற்கே தனிப் பாதை இருக்கிறது. கல்லீரல் செல்லோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதுதானே வேண்டும்!

பாக்டீரியா என்றால் பேச்சே வேறு, நேராகக் கெக்குக்குப் போய்விடுங்கள். ரியாக்டோம் மனிதனை மையமாக வைத்துக் கட்டியது. பிற உயிரிகளில் சிலவற்றுக்குத்தான் பாதை உண்டு, அதிலும் பெரும்பகுதி மரபணு ஒற்றுமையைக் கொண்டு கணித்தது. புதிதாக வரிசைப்படுத்திய மரபணுத்தொகுதியின் புரதங்களைக் கோஃபாம்கோவாலா (KofamKOALA) என்ற இணையக் கருவியில் இட்டால், கெக்குக்கு அடையாளம் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கே’ எண் கிடைக்கும். எந்த உயிரி என்றாலும் அந்த எண்களை அதே பொதுப் படத்தில் பொருத்தி, எந்த நொதி இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த வேலைக்கு இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை. கிளைக்கோலைசிஸ், அதாவது குளுக்கோஸ் சிதைவு, என்றதும் என் மனத்தில் எழுவதுகூட கெக் படம்தான்.

விக்கிபாத்வேஸ் என்ற பாதைத் தளமும் உண்டு. யாரும் வரையலாம், திருத்தலாம். அரிய நோய்களுக்குச் சில சமயம் அங்கேதான் படம் கிடைக்கும். கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். தாவரங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. நெல்லை முன்மாதிரியாகக் கொண்ட பிளான்ட் ரியாக்டோமை இரண்டு முறைதான் திறந்திருக்கிறேன். அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமாகாது.

இப்போதெல்லாம் யாராவது கெக் முடிவுகளை நீட்டினால், மொத்தம் எத்தனை பாதைகளைச் சோதித்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். 186 என்று இருந்தால், மரபணுத் தொகுப்புகளைத் திரட்டித் தரும் எம்சிக்டிபி (MSigDB) தளத்தில் ‘பழையது’ என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்திருக்கும் கெக் தொகுப்பு அது.