பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக்குக் கேமரா போடப் போகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போடுங்கள்

இன்று காலை பத்து மணிக்கு என் போனில் ஒரு வரி வந்தது: "இந்தக் கேமராவைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை." என் அப்பா கட்டிய வீடு, என் காசில் மாட்டிய கேமரா, எனக்கு அனுமதி இல்லையாம். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. இருந்தாலும் ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், பாக் விரிகுடாப் பக்கம். கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். ஒரு கூடம், இரண்டு அறை, திண்ணை, பின்னால் கிணறு, எட்டுத் தென்னை. அப்பா போனபின் அம்மாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே போவது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான். 2024 நவம்பர் 20 மழை ஞாபகம் இருக்கும், ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு எங்கள் கொல்லையில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சித்தி போன் பண்ணித்தான் எங்களுக்கே தெரியும். கூடத்துக்குள் தண்ணீர் வந்து அப்பாவின் மர அலமாரி அடிப்பலகை ஊறிப் போயிருந்தது. அன்றிலிருந்து அம்மா ஒரே பேச்சு: "ஒரு கண்ணை அங்கே வைக்க முடியாதா?"

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வாசலுக்கு ஒரு கேமரா, கொல்லைக்கு ஒன்று, கூடத்துக்குள் ஒன்று. முன்கதவு, பின்கதவு திறந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் சென்சார் இரண்டு. அந்தப் பக்கம் கேபிள் இன்டர்நெட் இழுக்க முடியாததால் சிம் போடுகிற ஒரு ரவுட்டர். கரண்ட் போனாலும் ரவுட்டரும் கேமராவும் சில மணி நேரம் ஓடுவதற்கு ஒரு மினி யூபிஎஸ். அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு கடை. இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின், சிசிடிவி மூன்றும் விற்கிற வகைக் கடை. பெயரைப் போடவில்லை, வழக்குப் போடப் போகிறேன், அது முடியும் வரை போடவும் மாட்டேன். கேமரா மூன்று 15,600, ரவுட்டர் 6,400, மினி யூபிஎஸ் 3,200, மெமரி கார்டு மூன்று 5,700, கதவுச் சென்சார் இரண்டு 2,600, ஒயர், டப்பா, கூலி எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 38,500 ரூபாய். ஜிபேயில் 25,000 முன்பணம், வேலை முடிந்ததும் 13,500. கடைக்காரர் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கேமராவின் சீரியல் நம்பர் இல்லை. "பில் போட்டா 18 பர்சன்ட் கூட வரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். நானும் சரி என்றேன்.

செப்டம்பர் 6-ஆம் தேதி அவரே நேரில் வந்தார், கூட ஒரு பையன். கூடத்துக்குள் வரும்போது அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் திண்ணையிலேயே கழற்றிப் போட்டார். "அப்பா எங்க வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். சித்தி கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். அம்மாவுக்கு அப்போதே பிடித்துப் போய்விட்டது. "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் ஏமாந்தது விலையிலோ சாமானிலோ இல்லை. இந்த இடத்தில்தான்.

மாலை ஐந்து மணி இருக்கும். ஆப்பில் கணக்குத் தொடங்க என் போனை வாங்கினார். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது, ஓடிபி வரவில்லை. இரண்டு தடவை முயன்றார். மதுரைக்கு மூன்று மணி நேரம் திரும்பிப் போக வேண்டும், இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று அம்மா அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். அப்போது அவர் சொன்னார்: "அக்கா, இப்போதைக்கு என் மெயில்ல போட்டு உங்களுக்கு ஷேர் பண்ணிவிட்டுடறேன். படம் எல்லாம் உங்களுக்கு வந்துடும். அடுத்த வாரம் உங்க பேருக்கு மாத்திக்கலாம்." நான் தலையாட்டினேன். 13,500 ரூபாயை அனுப்பினேன். கிளம்பினோம்.

முதல் ஐந்து வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அம்மா மதுரையில் அடுப்படியில் நின்றுகொண்டு போனில் கொல்லையைப் பார்ப்பாள். விடியற்காலையில் கிணற்றுச் சுவரில் மயில் வந்து நிற்கும். "அந்தா பாரு, மட்டை விழுந்து கிடக்கு, சித்திகிட்ட எடுத்துப் போடச் சொல்லு" என்பாள். மகாளய அமாவாசைக்கு அம்மாவும் நானும் போய் ராமேசுவரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு நான்கு நாள் அந்த வீட்டில் தங்கினோம். புழுக்கத்துக்காக அம்மா கூடத்தில்தான் பாய் போட்டுப் படுத்தாள். கூடத்துக் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் கேமராதானே என்று அணைக்கவில்லை.

அக்டோபர் 16 இரவு அந்தப் பக்கம் மழை, கரண்ட் கட். மறுநாள் காலையில் சித்தி போன்: "தாயி, கிணத்து மோட்டாரைக் காணோம். ஒயரை அறுத்துட்டுப் போயிருக்கானுவ." ஒரு ஹெச்பி மோட்டார், அப்பா வாங்கி வைத்தது. நான் ஆப்பைத் திறந்து பார்க்கிறேன். மூன்று கேமராவும் இரவு 11.40-க்கு ஆஃப்லைன். கரண்ட் போன நிமிடத்திலேயே எல்லாம் செத்திருக்கிறது. யூபிஎஸ் என்ன ஆயிற்று?

அடுத்த பஸ் ஏறிப் போனேன். கொல்லைச் சுவரில் மாட்டிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் திறந்தேன். நான்கு திருகில் இரண்டு துருப்பிடித்து அசையவே இல்லை, நாற்பதே நாளில். உள்ளே யூபிஎஸ் இல்லை. ஒரு சாதா 12 வோல்ட் அடாப்டர், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, டப்பாவை நிறைத்துக்காட்ட ஒரு மடித்த அட்டைத் துண்டு. கேமராவுக்குப் போகிற பின்னைப் பிடுங்கினால் உள்ளே பச்சைப் பச்சையாகப் பாசி பூத்த மாதிரி களிம்பு. கேமரா வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லித்தான் விற்றார். கேமரா உடம்புக்குள் தண்ணீர் போகாது, சரி. அதிலிருந்து தொங்குகிற ஒயர் இணைப்பு வெறுமனே வெளியே தொங்கினால் உப்புக்காற்று விடுமா? கடலோரத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்காது.

கரண்ட் போவதற்கு முன் யாராவது சுவரோரம் நடமாடியிருப்பார்களா என்று பார்க்க மெமரி கார்டைக் கழற்றினேன். 128 ஜிபி என்று எழுதியிருக்கிறது. அன்று இரவு 9 மணியிலிருந்து பதிவே இல்லை, அதற்கு முந்தைய நாட்களிலும் பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. என் அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கிற ஒரு இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தான். உண்மையில் அதில் நிற்பது 8 ஜிபி கூட இல்லை. மேலே மட்டும் 128 என்று காட்டுகிறது. நிரம்பியபின் எழுதுவதெல்லாம் குப்பை. மூன்று கார்டும் அதே கதை. இதற்கு 5,700 ரூபாய். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். "கேமரா இருக்குன்னு சொல்றீங்க, பதிவு எங்கம்மா?" என்று கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன்பின் கடைக்காரர் சொன்ன பதில்களைத் தேதி வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். 17-ஆம் தேதி: "நாளைக்குப் பையன் வருவான்க்கா." 18: "பையன் பாம்பன்ல ஒரு லாட்ஜ் வேலையில மாட்டிக்கிட்டான்." பிறகு, "தீபாவளி முடியட்டும்க்கா." தீபாவளி முடிந்தது. "மழை நிக்கட்டும்." ஐப்பசியில் எந்த மழை நிற்கும்? யூபிஎஸ் எங்கே என்று கேட்டதற்கு, "அன்னைக்கு ஸ்டாக் இல்லை, டெம்பரவரியா அடாப்டர் போட்டோம், உங்ககிட்ட சொன்னேனே." சொல்லவில்லை. சொல்லவே இல்லை. கார்டுக்கு, "அது கம்பெனி சாமான், கடை பொறுப்பு கிடையாது." எந்தக் கம்பெனி என்றால் பதில் இல்லை. கடைக்கு நேரில் போனேன், அவருடைய வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார்கள், "அவர் பரமக்குடி போயிருக்கார்" என்றார்கள். வெளியே அவர் வண்டி நின்றது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. 38,500 ரூபாய் வாங்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை போன் பண்ணியவர் அவர்.

இதெல்லாம் பணத்தோடு போய்விடும். அடுத்தது அப்படி இல்லை.

அக்கா மகன்தான் கவனித்தான். ஆப்பில் ஒவ்வொரு கேமரா பெயருக்குக் கீழேயும் சின்ன எழுத்தில் "பகிரப்பட்டது" என்று இருக்கிறது. "சித்தி, ஓனர் நீங்க இல்லை. அந்தக் கடைக்காரர்தான் ஓனர். உங்களுக்குப் பார்க்க மட்டும் விட்டிருக்கார்" என்றான். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்றாரே, அந்த வாரம் வரவே இல்லை, நானும் மறந்தே போனேன். அப்படியென்றால் இத்தனை நாளும் எங்கள் வாசல், கொல்லை, கூடம் மூன்றும் அவர் போனில் ஓடியிருக்கின்றன. வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது, எப்போது ஆள் இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். மோட்டாரை அவர்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்வது தப்பு. ஆனால் என் அம்மா, எழுபத்தோரு வயது மனுஷி, நான்கு இரவு அந்தக் கூடத்தில் புடவையைத் தளர்த்திப் படுத்திருக்கிறாள். அதை ஒரு அந்நிய ஆள் பார்த்திருக்க முடியும். பார்த்தாரா இல்லையா என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உரிமையை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று நேற்று இரவு மெசேஜ் போட்டேன். 1,500 ரூபாய் "டிரான்ஸ்ஃபர் சார்ஜ்" என்று பதில் வந்தது. ஒரு பைசா தர மாட்டேன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்றேன். இன்று காலை பத்து மணிக்கு அந்த வரி வந்தது. பகிர்ந்ததை எடுத்துவிட்டார். கேமராவை ரீசெட் பண்ணி என் பெயரில் சேர்க்கலாமே என்று நினைப்பீர்கள், நானும் சித்தியை வைத்து வீடியோ காலில் ஒன்றை ரீசெட் பண்ணிப் பார்த்துவிட்டேன். "வேறு கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது" என்கிறது. பழைய கணக்கிலிருந்து அவர் விடுவித்தால்தான் உண்டு. ஆக 38,500 ரூபாயில் உருப்படியாக மிஞ்சியது ரவுட்டர் ஒன்றுதான், அதுவும் சிம் என் பெயரில் இருப்பதால்.

எப்படிப் போட வேண்டும், என்ன வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்கு மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கை உங்கள் மெயிலில், உங்கள் போனில், உங்கள் கையால் தொடங்குங்கள். சிக்னல் இல்லையென்றால் வேலையை அன்றைக்கு நிறுத்துங்கள், மறுநாள் வரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் அதற்குப் பிறகு கொடுங்கள். பாஸ்வேர்டை ஆள் போனதும் மாற்றுங்கள். மனிதர்கள் படுக்கிற அறையில் கேமரா வேண்டவே வேண்டாம், கதவுச் சென்சார் போதும்.

யூபிஎஸ் என்று பில் போட்டால் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பிறகு மெயினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். மெமரி கார்டை நீங்களே நல்ல கடையில் பில்லோடு வாங்குங்கள். கடலோரம் என்றால் ஒயர் இணைப்பெல்லாம் மூடிய டப்பாவுக்குள், திருகு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், சீரியல் நம்பரோடு. நான் வாங்கவில்லை, இப்போது ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்துத்தான் போராட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், நான் மதுரையிலேயே போடப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நான் இரண்டு வாரம் கூடக் காத்திருக்கப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தி கூப்பிட்டார். கூடத்துக் கேமராவின் பின்னைப் பிடுங்கிவிட்டாராம், வாசல் கேமரா உயரத்தில் இருப்பதால் எட்டவில்லை, கம்பை வைத்து அதன் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடியிருக்கிறாராம். கொல்லையில் இருப்பதற்கு ஏணி வேண்டும். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.