வெண்கலம் என்று பில், மாட்டியது பித்தளை: கடல்நீர் வடிகட்டி மாற்றக் கொடுப்பவர்கள் கவனிக்க

பழைய பாய்மரப் படகில், இன்ஜினைக் குளிர்விக்க வரும் கடல்நீரின் குப்பையைப் பிடிக்கும் வடிகட்டியை வெளியாளிடம் மாற்றக் கொடுக்கும்முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. வேலை எப்படிக் கெட்டது என்று தெரிந்தால், அடுத்த பட்டறையில் நீங்களே பிடித்துவிடலாம்.

பில்லில் இருந்தது '3/4 அங்குல வெண்கல மரைன் ஸ்ட்ரைனர்', அதாவது வடிகட்டி. படகில் இருந்ததோ வெண்கல நிறப் பூச்சு கொடுத்த சாதாரணப் பித்தளை. அதைவிட எரிச்சலான விஷயம், கழற்றிய பழைய வடிகட்டியின் உடல் நல்ல வார்ப்பு வெண்கலம். உள்ளே குப்பை பிடிக்கும் கூடை அரித்திருந்தது, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இறுகியிருந்தது, அக்ரிலிக் குழாய் மங்கியிருந்தது, அவ்வளவுதான். பல மாடல்களுக்கு இந்த மூன்றும் தனி உதிரியாகவே கிடைக்கும். பழைய உடலைத் திருப்பிக் கேட்டதற்கு 'ஸ்கிராப்பில் போட்டாச்சு' என்று பதில் வந்தது. கழற்றிய எல்லாம் திரும்ப வேண்டும் என்று வேலை தொடங்கும்முன்பே எழுதி வாங்குங்கள்.

வெண்கலம்தான் என்று நிரூபிக்கக் காந்தத்தை வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லையாம். பித்தளையிலும்தான் ஒட்டாது! கண்ணில் படாத மூலையில் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும்: பித்தளை பளிச்சென்ற மஞ்சள், வெண்கலம் செம்மை கலந்த நிறம்.

நிறத்துக்காக இந்தச் சண்டை இல்லை. வடிகட்டி வார்க்கப் பரவலாகப் பயன்படும் 85-5-5-5 வெண்கலக் கலவையில் செம்பு 85 சதவீதம். வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் தலா 5. சாதாரணப் பித்தளையில் துத்தநாகமே 40 சதவீதத்தை நெருங்கும். கடல்நீர் அந்தத் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிட, மிஞ்சுவது பொறைபொறையான செம்பு. வடிவம் மாறாது, பலம் போய்விடும். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் அதுதான் அடையாளம். பிறகு ஒருநாள் கிளாம்பை இறுக்கும்போது ஹோஸ் மாட்டும் குழாய்முனையான நிப்பிள் ஒடிந்து கையோடு வரும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 3/4 அங்குலத் துளை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். டிஇசட்ஆர் எனப்படும், இந்த அரிப்பைத் தாங்கும் பித்தளை வேறு ரகம். அதைப் போட்டால் அந்தப் பெயரிலேயே பில் தரட்டும். 'மரைன்' என்ற சொல் எந்த உலோகத்தையும் குறிக்காது.

அடுத்த கோளாறு மரையில். படகின் அடியில் கடல்நீர் நுழையும் வால்வான சீகாக் பக்கம் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரை, புது வடிகட்டியோடு வந்த நிப்பிளில் என்பிடி என்ற அமெரிக்க மரை. 3/4 அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் சில சுற்று ஒழுங்காக ஏறிப் பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 டிகிரி, என்பிடியில் 60. உச்சியும் பள்ளமும் சேராது. இடைவெளி வழியே நீர் சுழன்று கசியும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி அடைத்திருந்தார்கள். அது சில நாள் ஏமாற்றும், சீல் ஆகாது. 1 அங்குல அளவில் பிஎஸ்பிக்கு 11 மரை, என்பிடிக்கு 11.5 என்பதால் சீக்கிரமே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீர்மட்டத்துக்கு மேலே மாட்டிய வடிகட்டியில் இதே கசிவு வெளியே சொட்டாது. பம்ப் உறிஞ்சும்போது காற்றை உள்ளே இழுக்கும். அக்ரிலிக் குழாயில் குமிழி ஓடும், புகைபோக்கி வழியே வெளியேறும் குளிர்விப்பு நீர் குறையும், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் வறண்டு இறக்கை உடையும். உடைந்த துண்டுகள் வெப்பமாற்றியில் போய் அடைத்துக்கொள்ளும். இம்பெல்லரை மட்டும் மாற்றினால் சூடு குறையாது.

மற்றவை சில்லறைக் கோளாறுகள், ஆனால் ஒவ்வொன்றும் படகை நிறுத்தக்கூடியவை. வடிகட்டியில் நீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. பல மாடல்களில் நீர் கூடைக்குள் நுழைந்து வெளியே போக வேண்டும், திருப்பி மாட்டினால் குப்பை கூடைக்கு வெளியே தேங்கி, கூடையைத் தூக்கியதும் பம்புக்கு ஓடும். ஹோஸ் கம்பிச்சுருள் இல்லாத ரகம். முழு வேகத்தில் சப்பிப்போகும். கிளாம்பின் பட்டை துருப்பிடிக்காத எஃகு, திருகு முலாம் பூசிய இரும்பு. காந்தம் இங்கேதான் உதவும். மூடியில் உள்ள, காது வைத்த விங் நட்டை இடுக்கியால் இறுக்கியதில் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல். கையால் இறுக்கினால் போதும். அக்ரிலிக்கைத் தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைக்கவும் விடாதீர்கள். கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

வேலையை ஒப்புக்கொள்ளும்முன் நீங்களே பாருங்கள். சீகாக்கை மூடச் சொல்லி, அது முழுதாக மூடுகிறதா என்று வடிகட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பார்த்துவிட்டு, இன்ஜினை முதலில் ஐட்லிங்கில், அப்புறம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். குமிழியோ சப்பும் ஹோஸோ இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாயேற்றி இருபுறமும் சாய்த்து ஓட்டிய பிறகு இன்னொரு முறை துடைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் மூடி, சாயும்போது கீழே போய்விடும்.

பணம் திரும்ப வரவில்லை. வேறு ஸ்ட்ரைனர் தருகிறோம் என்றார்கள், அதே பெட்டியிலிருந்து.