1929: தமிழில் கதைக்கலாம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டில் வைத்துக் கணக்கு ரியூஷன் கொடுப்பவள் நான். மாசி மாதம் ஒருநாள், வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு ஒரு தாய் மட்டும் வாசலிலேயே நின்றார். "டீச்சர், ஒருத்தன் மகளின்ர போனுக்கு ரீலோட் போட்டுப் போட்டுப் படம் கேக்கிறான். கை வைக்கேல்லத்தானே, பொலிஸுக்குப் போனா சிரிப்பாங்களோ?"

அங்கேயே நின்று 1929ஐ அழுத்தினேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வசனம் கோர்த்துக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை, தமிழ் என்றதும் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண் முதலில் பெயரைக் கேட்கவில்லை. "பிள்ளை இப்ப எங்க? அந்த ஆள் கிட்ட வரக்கூடிய ஆளா?" என்றுதான் கேட்டார்.

தாயின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஆபாசப் படத்துக்கு நிற்கத் தூண்டுவதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் குற்றம், 2 முதல் 10 ஆண்டுவரை சிறை. தொட்டிருக்க வேண்டும் என்றில்லை. மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்று 1929இல் சொன்னார்கள். அம்மா அதற்குள் பாதியை அழித்திருந்தார், பாவம்.

அப்புறம் பொலிஸ் நிலையம். இரண்டு மணி நேரம் வாங்கில். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினார்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழிதான், ஆனால் அந்த மேசைக்குச் செய்தி வந்து சேரவில்லை. எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'கேட்டான்' என்று சொன்ன இடத்தில் 'அனுப்பினாள்' என்று இருந்தது! திருத்தச் சொன்னதும் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.

பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக வைக்க 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

தொலைபேசிச் சேவைக்கு 5க்கு 5. பொலிஸ் நிலையத்துக்கு 2, அதுவும் கேட்காமலே பிள்ளைக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த இளம் பொலிஸ்காரிக்காக.