காரைக்குடி மேடையா, சென்னை ஒலிப்பதிவுக் கூடமா?

தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் கலைஞருக்கு இவை இரண்டும் ஒரே தொழிலின் இரு பாதைகள் எனினும், கோரும் திறமை வேறு. முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாக் காலத்து மெல்லிசைக் கச்சேரியில், பாடகர் திடீரெனச் சுருதியை மாற்றினாலும், இசைக்குறிப்புத் தாள் ஏதுமின்றி, டிரம்ஸ் வாசிப்பவர் பெரிய டிரம்மை மிதித்து ஒலிக்கும் வலது காலைப் பார்த்தே அடுத்த சுரத்தை ஊன்ற வேண்டும். சிறு பிசகை ஜெனரேட்டர் இரைச்சல் மறைத்துவிடும். கூடத்திலோ, ஹெட்போனில் தாள அளவைக் காட்டும் ‘கிளிக்’ ஒலிக்க, கையில் தரப்பட்ட நோட்டேஷனை (எழுதிய இசைக்குறிப்பை) உடனே பார்த்து வாசிக்க வேண்டும். ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த ‘ஈ’ தந்தியில் விரல் உரசுவதுகூடப் பதிவாகிவிடும். காலையில் பக்திப் பாடல், மாலையில் விளம்பர இசை என எதற்கும் ஈடுகொடுப்பவருக்கே அங்கு மறு அழைப்பு வரும். வருமானம் இரண்டிலும் நிலையற்றதே. சில திருவிழாப் பருவங்கள் மேடையில் காதைத் தீட்டிக்கொண்டு, நோட்டேஷனும் பழகிய பிறகு சென்னைக்குப் பேருந்து ஏறலாம் என்பது என் கணிப்பு.