பழைய டேண்டம் சைக்கிளுக்குப் போல்ட்: புதுச்சேரியில் எது தேறும், எது தேறாது

ரெண்டு பேர் மிதிக்கும் பழைய டேண்டத்தில் ஒரு போல்ட் போய்விட்டால், புதுச்சேரியில் போய் நிற்க மூன்று இடம் உண்டு: ஹார்டுவேர் கடை, கியர் சைக்கிள் பழுது பார்க்கும் கடை, லேத் பட்டறை. மூன்றும் பயன்படும். ஆனால் எதற்கு எங்கே போவது என்று தெரியாமல் போனால் போல்ட்டோடு பிரேமும் கெடும். "டேப் அடிச்சு எட்டு எம்எம் போட்டுடலாம்" என்று (அதாவது ஓட்டையில் புது மரை வெட்டிப் பெரிய போல்ட் போட) யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். போல்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். 40 வருஷத்துப் பிரேமில் மரை போனால் போனதுதான்.

முதலில் ஹார்டுவேர் கடை. அங்கே பேச்சு நூல் கணக்கில்தான். ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம், ரெண்டரை நூல் 5/16, மூணு நூல் 3/8. கனம் சரியாக வரும், மரை வராது. சாதாரண 5/16 போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை. பழைய இங்கிலீஷ் சைக்கிளில் 26. எம்8 (8 மில்லி கனம்) போல்ட்டும் அப்படித்தான்: கடையில் கிடைப்பது 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லியில்), கிராங்க் (பெடல் கை) போல்ட்டுக்கு வேண்டியது 1.0 பிட்ச். கையால் திருகினால் நாலைந்து சுற்று தடையில்லாமல் ஏற வேண்டும். ரெண்டாவது சுற்றிலேயே பிடித்தால் பிட்ச் வேறு, ஸ்பேனரை எடுக்காதீர்கள். இதைவிட ஆபத்து, கால் அங்குலம் 26 மரை ஓட்டையில் எம்6 போடுவது. பிட்ச் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சுலபமாக ஏறிவிடும். போல்ட் 0.35 மில்லி ஒல்லி என்பதால் இறுக்கும்போது வழுக்கிவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டைக் கையில் கொண்டு போங்கள். புதியதையும் பழையதையும் மரையோடு மரை படிய வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பிட்ச் வேறாக இருந்தால் இடையில் வெளிச்சக் கீற்று தெரியும். வெர்னியர் இருந்தால் பத்து மரையை அளந்து பாருங்கள்: எம்8 ஃபைன் 10 மில்லி, 26 மரை 9.77, சாதாரண எம்8 12.5.

மெட்ரிக் ஓட்டைகளுக்கு ஹார்டுவேர் கடை போதும். முன்பக்கப் பாட்டம் பிராக்கெட்டில் (கிராங்க் ஆக்ஸில் சுழலும் கூட்டில்) சங்கிலியை இறுக்க இருக்கும் எக்ஸென்ட்ரிக்கை (ஆக்ஸில் துளை நடுவிலிருந்து தள்ளி இருக்கும் உருளையை), பிளந்த கூட்டின் அடியில் ரெண்டு எம்6 போல்ட் இறுக்கிப் பிடிக்கிற வகை என்றால், அன்பிராக்கோ 12.9 (போல்ட்டின் வலுத் தரம்) அலன் போல்ட் நல்ல தேர்வு. எம்6-ல் 30 மில்லி வரை முழு நீளமும் மரை. 35 வாங்கினால் நுனியில் 24 மில்லிதான் மரை, மீதி வழவழப்பான தண்டு. கூட்டின் முதல் காதுக்குள் தண்டு வரட்டும், மரை அடுத்த காதில் மட்டும் பிடிக்கட்டும். 8 நியூட்டன்மீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளப்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவிசை வலு 700 மெகாபாஸ்கல், 8.8-க்கு 800, 12.9-க்கு 1200. பாட்டில் கூடு, மட்கார்டு, கேரியர் இவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் சரி. பின்னால் இருப்பவர் பிடிக்கிற ஹேண்டில், முன்னவர் சீட் தண்டைக் கவ்வும் இடத்துக்கு அதைப் போடாதீர்கள். இங்கே உப்புக்காற்றில் 304-லும் (ஏ2 வகை ஸ்டெயின்லெஸ்) பழுப்புக் கறை வரும். 316 கேட்டு வாங்குங்கள். கறுப்பு 12.9 போல்ட்டோ ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். அதற்காக ஜிங்க் முலாம் போடக் கொடுக்க வேண்டாம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போய், அவ்வளவு கெட்டியான எஃகு திடீரென முறியலாம். தலைக் குழியில் கிரீஸ் அடைத்துவிட்டாலே போதும்.

கிராங்க் போல்ட்டுக்கு நேரே சைக்கிள் கடைக்குப் போங்கள். சதுர முனை ஆக்ஸிலுக்கான எம்8 ஒரு பிட்ச் போல்ட் அங்கே கிடைக்கும், தலை 14 மில்லி. பழைய பிரெஞ்சு டேண்டத்தில் 15, 16 மில்லி தலை இருந்திருக்கலாம். மரை சேர்ந்தால் 14 போதும். பெடல்தான் ஏமாற்றும். பிரெஞ்சு மரை 14 மில்லி, 1.25 பிட்ச். நம்மூர்ப் பெடல் 9/16 அங்குலம், 20 மரை, அதாவது 14.29 மில்லி. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், அலுமினியக் கிராங்க்கில் திருகினால் மரையைச் செதுக்கிக்கொண்டு போகும். பழைய பெடலின் ஆக்ஸில் முனையில் டி, ஜி எழுத்துகள் பொறித்திருந்தால் அது பிரெஞ்சுச் சரக்கு. ட்ருவாத், கோஷ் என்றால் வலது, இடது என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பல்சக்கர போல்ட்டில் கெடுவது நீளம். இரட்டைப் பல்சக்கரத்துக்கான குழாய் நட்டை இடது பக்கத்து ஒற்றைச் சக்கரத்தில் போட்டால், சக்கரத்தைக் கவ்வும் முன்பே போல்ட் முட்டிக்கொள்ளும். இறுகியது போலத் தோன்றும், பத்து கிலோமீட்டரில் கடகடக்கும். சக்கரம் 3, கிராங்க் கை 3.5 மில்லி என்றால் குழாய் 6-க்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துக் குறையுங்கள்; அரத்தில் ராவினால் கோணலாகும்.

லேத் வேலைக்குத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். கால் அங்குலம் 26 மரைக்கு, நீளமான டி.வி.எஸ் 8.8 எம்8 போல்ட் கொடுத்து, மரையில்லாத தண்டை 6.35-க்குக் கடைந்து லேத்திலேயே மரை வெட்டச் சொல்லுங்கள். 12.9-ஐக் கொடுக்காதீர்கள், லேத்தில் இல்லாமல் கை டையில் (மரை வெட்டும் அச்சில்) வெட்டினால் அதன் பல் உடையும். பழுக்கக் காய்ச்சுவதோ வெல்டிங் வைத்து நீட்டுவதோ கூடவே கூடாது, எஃகின் பதம் போய்விடும். நீளம் குறைக்கும்போது முதலில் ஒரு நட்டை ஏற்றிவிட்டு அறுங்கள். நட்டைக் கழற்றும்போது அறுத்த இடத்து மரை தானே சீராகும்.

கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) குத்திப் பிடிக்கும் எக்ஸென்ட்ரிக் என்றால் கூர்முனை வேண்டாம். அலுமினியத்தில் அது குத்திய பள்ளம், அடுத்த முறை சங்கிலியை இறுக்க கொஞ்சம் திருப்பினாலும் பழைய இடத்துக்கே இழுக்கும். முனையைத் தட்டையாக்கி, அடியில் ஒரு மில்லி செம்புத் தகடு வையுங்கள்.

மாட்டும்போது அலுமினியத்தில் இறங்கும் மரைக்கு ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள். கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன்மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து 18 முதல் 20 கிலோ அழுத்தம். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். பின் இடது கிராங்க்கை முதலில் பாருங்கள்; டைமிங் சங்கிலி (முன், பின் கிராங்க்குகளை இணைக்கும் சங்கிலி) இடப்பக்கம் ஓடும் வண்டியில் முன்னவர் மிதிக்கும் பலம் முழுவதும் அந்தச் சக்கரத்தின் வழியாகத்தான் பின்னுக்கு வருகிறது.