அணுவிசை நுண்ணோக்கி: பழுது தீர்ந்தது, எரிச்சல் தீரவில்லை

நுண்ணிய ஊசியால் செல்லைத் தொட்டு அதன் மென்மையை அளக்கும் எங்கள் அணுவிசை நுண்ணோக்கி பழுது நீங்கித் திரும்பியிருக்கிறது. ஊசியை நுணுக்கமாக நகர்த்தும் பீசோ சீராக இயங்குகிறது, இரைச்சலும் குறைந்திருக்கிறது. ஆனால் என் பழைய புகாருக்கு மருந்தில்லை: சூடான திரவத்தில் கான்டிலீவர் (ஊசியைத் தாங்கும், வளையும் மெல்லிய பட்டை) ஒரு நிலையில் நிற்பதே இல்லை.

செல்லை அழுத்தக் கான்டிலீவர் மென்மையாக இருக்க வேண்டும், மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரையிலான விறைப்பே போதும். வளைவை அளக்கும் லேசரை எதிரொளிக்க அதன் ஒரு பக்கத்தில் தங்கம் பூசுகிறார்கள். சூடேறினால் தங்கம் ஒரு அளவும் சிலிக்கான் நைட்ரைடு வேறொரு அளவும் விரிகின்றன. விளைவு, தொடாமலேயே அது வளைகிறது. பெட்ரி தட்டை 37 டிகிரிக்குக் கொண்டுவந்து லேசர்ப் புள்ளியை ஒளியுணரியான ஃபோட்டோடையோடின் நடுவில் நிறுத்தி, கையைக் கழுவிவிட்டு வந்தால் புள்ளி ஓரத்தில் இருக்கும். பெட்டியின் கதவைத் திறந்தாலோ கேட்கவே வேண்டாம்.

இது வெறும் சலிப்பு அல்ல. அடிக்கோடு, அதாவது தொடுவதற்கு முன் வரும் கோடு, சாய்ந்தால் ஊசி செல்லைத் தொட்ட இடம் எது என்று மென்பொருள் ஊகிக்கிறது. விசையையும் அமிழ்வையும் (செல் அமுங்கும் ஆழத்தையும்) இணைக்கும் ஹெர்ட்ஸ் சமன்பாட்டில், கோள முனைக்கு விசை அமிழ்வின் 1.5 அடுக்காக ஏறும். 500 நானோமீட்டர் அமிழ்வை 400 என்று எடுத்துக்கொண்டால், செல்லின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 40 சதவீதம் எகிறிவிடும். புற்றுச் செல் மென்மையானது என்று கட்டுரை எழுதப் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், இதைப்போல் செல்லைத் தொட்டுப் பார்க்கும் கருவியை நான் கண்டதில்லை. விறைப்புக்கு உட்கருவின் மேல் ஓர் எண், விளிம்பில் இன்னோர் எண். விளிம்பு மெலிதாக இருந்தால் அடியிலிருக்கும் கண்ணாடியின் விறைப்பும் கலந்துவரும். இதயத் தசைச் செல்லின் மேல் ஊசியை மெல்ல வைத்தபோது திரையில் கோடு ஏறி இறங்கியது. செல் துடிக்கிறது, ஊசியைத் தூக்குகிறது! அன்று அளக்க வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2017-இல் வந்த ஸ்னாப் (SNAP) என்ற அளவுத்திருத்த நெறிமுறையும் உதவியது. விறைப்பு முன்பே துல்லியமாக அளக்கப்பட்ட கான்டிலீவரை எடுத்து, வெப்ப அதிர்விலிருந்து விலகல் உணர்திறனை, அதாவது அது வளைந்தால் லேசர்ப் புள்ளி எவ்வளவு நகரும் என்பதை, திருத்துகிறோம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறுவது குறைகிறது. சூட்டால் வரும் நகர்வு மட்டும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த நுண்ணோக்கியை வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். இன்றைக்கு என் பதில்: வேண்டாம். ஆயிரக்கணக்கான செல்களை ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், நுண்குழாயில் ஓடவிட்டு நொடிக்கு நூற்றுக்கு மேல் அளக்கும் முறை இருக்கிறது. வாங்கியே தீருவேன் என்றால், நுனியில் மட்டும் தங்கம் பூசிய கான்டிலீவர்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். விற்பவர் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.