ஏடிஎச்டியா, தைராய்டா?

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண் திடீரென்று ஓரிடத்தில் உட்காருவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், மார்க் சரிகிறது. வீட்டில் ‘வயசுக் கோளாறு’ என்பார்கள், பள்ளியில் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்பார்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரந்தாலும் இதே கூத்துதான்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஏடிஎச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளி இரண்டிலும். தைராய்டுத் தொல்லை பெரும்பாலும் சில மாதங்களில் வந்து சேர்வது. அப்புறம் உடம்பு. வயிறாரச் சாப்பிட்டும் எடை குறைகிறதா? மற்றவர்கள் போர்த்திக்கொள்ளும்போது இவளுக்கு மட்டும் வியர்க்கிறதா? கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தால் நடுக்கம் தாளில் தெரியும். அழகாக இருந்த கையெழுத்து கோணலாகியிருக்கும். தூங்கும்போதும் நாடி வேகமாக ஓடும். ஏடிஎச்டியில் உடம்பு இப்படிக் காட்டிக்கொடுக்காது.

கண்டுபிடிக்கத் தைராய்டுதான் எளிது: டிஎஸ்எச், டி4 என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஏடிஎச்டிக்கு அது கிடையாது, பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். மருந்தும் வேறு. தைராய்டுக்குக் கார்பிமசோல், ஏடிஎச்டிக்கு நடத்தைப் பயிற்சி, தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் மருந்து. பின்னது இதயத்துடிப்பைக் கூட்டும் என்பதால், மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே அந்தப் பேச்சு. அதற்காகத் துறுதுறுவென்று இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தைராய்டு பார்ப்பது வீண் செலவு.